ஈரத் தொட்டியும் சின்னக் கொசுவும்

அலுவலகங்களுக்கும் ஓட்டல்களுக்கும் செடிகளை வாடகைக்குக் கொடுத்து, வாரந்தோறும் போய் அவற்றின் க்ஷேமலாபங்களை விசாரித்து, சோர்ந்து நிற்பவற்றை நர்சரியின் நிழல்வலைக்குத் திரும்பக் கொண்டுவந்து, அங்கே தேறி நிற்பவற்றை அவற்றின் ஸ்தானத்தில் வைத்துவிட்டு வருவது என் ஜீவனோபாயம். கிண்டியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் கண்ணாடி மாளிகைகள் எழும்ப எழும்ப எங்கள் தொழிலும் கூடவே வளர்ந்தது. 1989-ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமான நாசா, அடைத்த சிறு பேழைகளுக்குள் செடிகளை வைத்துப் பரீட்சித்து, காற்றிலுள்ள சில நச்சு வாயுக்களை அவை குறைக்கின்றன என்று வெளியிட்ட அறிக்கையும் எங்களுக்குச் செலவில்லாத விளம்பரமாக வாய்த்தது. பேழைக்குள் நடந்த அதே காரியம் ஒரு பெரிய கூடத்துக்குள் நடக்க வேண்டுமானால், அங்கே மனிதர் உட்கார இடமில்லாதபடி செடிகளை நிரப்பியாக வேண்டும் என்பது பிற்பாடு வந்த கணக்கு. அதை நாங்கள் வலியப் போய் யாரிடமும் சொல்வதில்லை, கேட்டவர்களிடம் மறைப்பதும் இல்லை.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது செடி வளர்க்கும் தொழிலாகத் தோன்றும். அனுபவத்தில் பார்த்தால், இதில் பாதி வேலை மனிதர்களுடைய கையைத் தடுத்து நிறுத்துவது. மற்றப் பாதியில் கணிசமான பங்கு, அப்படித் தடுக்க முடியாமற் போனதன் பலனாகத் தொட்டிகளிலிருந்து கிளம்பும் ஒரு சிறு பூச்சியோடு மல்லுக்கு நிற்பது. அந்தப் பூச்சியைப் பற்றித்தான் இங்கே சொல்லப் புகுகிறேன்.

புகார் பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் வரும். “சார், உங்க செடியிலேர்ந்து கொசு வருது. டெங்கு கிங்கு வந்தா யாரு பொறுப்பு?” என்று அட்மின் பிரிவிலிருந்து தொலைபேசி அலறும். போய்ப் பார்த்தால், கணினித் திரையின் வெளிச்சத்துக்கு முன்னால் கறுப்பாக ஒன்றிரண்டு துணுக்குகள் திசை தெரியாமல் மிதந்துகொண்டிருக்கும். ஒருவருடைய காபிக் கோப்பையில் ஒன்று விழுந்து செத்திருக்கும். இது கடிக்கிற ஜாதி அல்ல. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள, ஒல்லியான, கால் நீண்ட கருநிறப் பூச்சி, ரத்தம் குடிக்கிற வாய் அதற்குக் கிடையாது, பறப்பதும் அரைகுறைதான். தொட்டியை ஒரு தட்டுத் தட்டினால் ஒரு முழ உயரம் எழும்பி, மறுபடி மண்ணின் மேலேயே இறங்கி, பறப்பதைக் காட்டிலும் ஓடுவதில்தான் தனக்குச் சௌகரியம் என்பதுபோல் ஈர மண்மீது குடுகுடுவென்று ஓடும். சாஸ்திரக்காரர்கள் இதை சியாரிடே என்னும் குடும்பத்தில் சேர்த்து, தொட்டிகளில் அகப்படும் இனங்களிற் பெரும்பாலானவற்றுக்கு பிராடிசியா என்று பெயரிட்டிருக்கிறார்கள். பூஞ்சையைத் தின்று வளர்வதால் பூஞ்சை ஈ என்றும் சொல்வதுண்டு. வாடிக்கையாளர்களுக்கு அது என்றைக்கும் ‘சின்னக் கொசு’தான், நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஆனாலும் டெங்குப் பயத்தை அடியோடு அசட்டுத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கி நிற்கிற தெளிந்த நீரில், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு உண்மையாகவே முட்டையிடும்; மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாக வந்து தட்டுகளைக் கவிழ்த்துப் பார்ப்பது அதற்காகத்தான். ஆகவே புகார் செய்தவரிடம் “இது கொசுவே இல்லை” என்று வாதாடுவதற்கு முன்னால் தட்டைத் தூக்கிப் பார்ப்பது என் வழக்கம். பல சமயங்களில் மேலே பறப்பது சாதுவாகவும், கீழே நெளிவது அபாயகரமானதாகவும் இருந்திருக்கின்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அளவுக்கு மீறி ஊற்றிய தண்ணீர்.

பறக்கிறதெல்லாம் செடியிலிருந்துதான் வருகிறது என்று எடுத்துக்கொள்வதும் சரியன்று. சமையல் மேடையில் பழக்கூடையைச் சுற்றி வட்டமிடுகிற, கண் சிவந்த பழ ஈ வேறு. குளியலறைச் சுவரில் சிறு அந்துப்பூச்சியைப் போல் ரோமம் போர்த்த இறகுகளை விரித்து ஒட்டிக்கொண்டிருக்கும் சாக்கடை ஈ வேறு. ஒருமுறை ஒரு பல்மருத்துவர் வீட்டில், தொட்டிகள் அத்தனையும் எலும்பாய்க் காய்ந்து கிடக்க, பூச்சிகள் மட்டும் குறையாமல் வந்துகொண்டிருந்தன. கடைசியில் அவை குளியலறைச் சல்லடையின் அடியிலிருந்து வருகின்றன என்பது தெரிந்து, பிளம்பரை வரவழைத்துவிட்டு நான் விடைபெற்றேன். சின்னக் கொசுவை அடையாளம் காண, பூதக்கண்ணாடி வைத்து அதன் இறகைப் பார்த்தால் போதும். நடு நரம்பு நுனியை நோக்கிப் போகும்போது கவைக்கோல் மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும்.

பறக்கிற பூச்சி கண்ணுக்கு எரிச்சலே தவிர, செடிக்கு அதனால் ஹானி இல்லை. அதன் ஆயுள் ஒரு வாரம், பத்து நாள். அதற்குள் ஒரு பெண் பூச்சி நூறு முட்டைகள்வரையிலும், சிலபோது அதற்கு மேலும், ஈர மண்ணின் இடுக்குகளில் இட்டுவிடும். சங்கதி நடப்பதெல்லாம் மண்ணுக்குள்ளேதான். முட்டை பொரிந்து வரும் புழு கண்ணாடியைப் போல் ஊடு தெரிகிற வெண்மையாகவும், தலை மட்டும் பளபளக்கும் கறுப்பாகவும் இருக்கும். முழுக்க வளர்ந்தால் அரை சென்டிமீட்டர் தேறும். அதன் வயிற்றில் இருக்கும் ஆகாரம்கூட வெளியே கோடாகத் தெரியும். மண்ணில் படரும் பூஞ்சையையும் பாசியையும் மட்கிக்கொண்டிருக்கும் இலைதழைகளையும் தின்று இரண்டு வாரம் வளர்ந்து, சில நாள் கூட்டுப்புழுவாகக் கிடந்து, பிறகு இறகு முளைத்து வெளியேறும். முட்டை முதல் பறப்பது வரை மூன்று, நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். உஷ்ணம் அனுகூலமாக அமைந்தால் இன்னும் விரைவாகவே முடிந்துவிடும்.

இந்தப் புழுக்கள் பெருகிவிட்டால் பூஞ்சையோடு திருப்தியடைவதில்லை. வேரின் நுனியிலுள்ள மென்மையான தூவிகளை மேய்வதும், புதிதாக நட்ட பதியன்களின் அடித்தண்டைக் குடைந்து உள்ளே புகுவதும் உண்டு. போகிற வழியில், வேரழுகலை உண்டாக்கும் பூஞ்சணங்களை ஒரு வேரிலிருந்து இன்னொரு வேருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் உண்டு. வளர்ந்த ரப்பர் செடியோ அரேகா பனையோ இதையெல்லாம் தாங்கிக்கொண்டு நிற்கும். வாரக்கணக்கில் காத்திருந்து வேர்விட்ட ஒரு சிறு தளிரை இந்தப் புழுக்கள் ஓரிரவில் சாய்த்துவிடுவதைப் பார்த்தால்தான் இவற்றின் உண்மையான சுபாவம் விளங்கும்.

மண்ணுக்குள் புழு இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய உபாயம் இருக்கிறது. உருளைக்கிழங்கைத் தோல் சீவி, ஓர் அங்குலத் துண்டாக நறுக்கி, வெட்டுப்பக்கம் மண்ணில் பதியும்படி அழுத்தி வைத்துவிட வேண்டும். மூன்று, நான்கு நாள் கழித்து அதைப் புரட்டினால், ஈரமான அடிப்பக்கத்தில் கருந்தலை வெண்புழுக்கள் கிழங்கைச் சுரண்டிக்கொண்டிருக்கக் காணலாம். அலுவலகத்தார் கூடி நின்று இதை வேடிக்கை பார்ப்பார்கள். அதுவரையில் “தண்ணீர் அதிகமாகப் போகிறது” என்று நான் சொன்னதை லட்சியம் செய்யாதவர்கள், கிழங்கைப் பார்த்த பிறகு தாமாகவே தண்ணீர்க் குடத்தைத் தள்ளி வைப்பதும் உண்டு.

இனி, தண்ணீரை ஊற்றுகிறவர் யார், ஏன் ஊற்றுகிறார் என்பதற்கு வருகிறேன். தொழிலின் சூட்சுமம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அலுவலகமொன்றில் என் ஆட்கள் வாரம் ஒரு தடவை அளந்து ஊற்றிவிட்டு வருவார்கள். ஆனால் அடுத்த வாரம் போகும்போது தொட்டிகள் கொழகொழவென்று நனைந்து கிடக்கும். யாரைக் கேட்டாலும் “நாங்கள் தொடவே இல்லை” என்பார்கள். ஒருநாள் காலையில், வேலை நேரம் தொடங்குமுன், துப்புரவு செய்யும் அம்மாள் ஒருவர் பாட்டிலும் கையுமாக வரிசையாகத் தொட்டிகளுக்கு ஊற்றிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். ஏன் அம்மா என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: “செடி வாடினா ஏன் தண்ணி ஊத்தலன்னு எங்களத்தான் கேப்பாங்க அண்ணே. ஊத்தினதுக்கு யாரும் கேக்க மாட்டாங்க.”

இதற்கு எதிராக எந்தத் தாவர சாஸ்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது? காய்ந்த மண் எல்லோர் கண்ணிலும் படுகிற குற்றம்; ஊறிய மண் எவர் கண்ணிலும் படாத குற்றம். மேற்பார்வையாளர் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, “என்ன இது, வறண்டு கிடக்கிறதே” என்று சீறுவாரேயன்றி, மண் ஈரமாக இருப்பதைக் கண்டு எந்த மேற்பார்வையாளரும் கோபித்துக்கொண்டதில்லை. போதாக்குறைக்கு, வேர் அழுகிய செடியும் தாகத்தால் வாடிய செடியும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே தலை தொங்கி நிற்கும். வேர் அழுகினால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, உறிஞ்ச முடியாத இலை வாடும், வாடிய இலையைக் கண்டவர் இன்னும் ஒரு செம்பு ஊற்றுவார். செடி செத்துப்போனால், தண்ணீர் போதவில்லை என்றே எழுதி முடிப்பார்கள்.

ஊற்றாதே என்று சொல்லிப் பிரயோஜனமில்லை என்பதைத் தெரிந்துகொண்டபின், அந்த அம்மாளுக்கு வேறொரு வேலை கொடுத்தேன். பழைய பனியன் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, செடிகளின் இலைகளை மேலும் கீழும் துடைத்துவிடச் சொன்னேன். தூசி போனால் இலைக்கு வெளிச்சம் கிடைக்கிறது. இலையின் அடியில் ஒண்டும் மாவுப்பூச்சியும் கண்ணுக்கு அகப்படுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேலதிகாரி வரும்போது அந்த அம்மாள் செடியோடு ஏதோ செய்துகொண்டிருப்பதாகக் காட்சியளிக்கிறார். அந்த மாடியில் சின்னக் கொசு மறைந்தது அந்தப் பனியன் துணியினால்தான் என்று நான் சொன்னால் என் தொழிற் சகாக்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதன் பிறகு நான் ஏற்றுக்கொண்ட ஒவ்வோர் அலுவலகத்திலும் முதல் வேலையாகத் துடைக்கிற துணியை யாரிடமாவது ஒப்படைத்துவிடுகிறேன்.

அலுவலகத்துக்கென்றே உரித்தான இன்னொரு உபத்திரவம், மிச்சக் காபி. கூட்டம் முடிந்து எழுந்து போகிறவர்கள் கோப்பையில் தங்கிய பாலும் சர்க்கரையும் கலந்த காபியை, கழுவுமிடம் வரை நடக்கச் சோம்பி, பக்கத்துத் தொட்டியில் கவிழ்த்துவிடுகிறார்கள். இரண்டே நாளில் அங்கே வெண்ணிறப் பூஞ்சை படரும். பூஞ்சை படர்ந்த இடத்தைத் தேடிச் சின்னக் கொசு வந்துவிடும். மாநாட்டு அறைகளின் வாசலிலுள்ள தொட்டிகளில்தான் இவை எப்போதும் அதிகம்.

வீடுகளில் இதே காரியம் பக்தியோடு நடக்கிறது. மயிலாப்பூரில் எனக்குப் பரிச்சயமான ஒரு மாமி, அரிசி களைந்த கழுநீர், பருப்பு அலம்பிய தண்ணீர், பால் கவரைக் கழுவிய நீர் ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்துக் கூடத்து மணி பிளான்ட்டுக்கு அபிஷேகம் செய்துகொண்டிருந்தார். “ஒண்ணும் வீணாப் போகக் கூடாதுப்பா” என்பது அவருடைய சித்தாந்தம். அதில் எனக்கு மாறுபட்ட அபிப்பிராயம் கிடையாது. ஆனால் வெயிலும் காற்றும் மண்புழுவும் உள்ள முற்றத்து மண்ணில் ஒரு நாளில் ஜீரணமாகிற கழுநீர், சாளரம் சாத்திய கூடத்தில், ஒரு சாண் அகலத் தொட்டியில், புளித்து நுரைத்துப் பூஞ்சைக்கு விருந்தாகிவிடுகிறது. “மாமி, அத்தனையையும் கொல்லைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுங்கள், அது உங்களை வாழ்த்தும்” என்று சொன்னேன். அவருக்கு அது ரொம்பவும் திருப்தியாக இருந்தது. வீணாகாமல் எங்கேயாவது போய்ச் சேர்ந்தால் போதும் என்பதுதானே அவர் கவலை.

மண்ணைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்காலத்தில் தொட்டிகளுக்குச் செம்மண்ணும் மணலும் மட்கிய தொழு உரமும் கலந்துகொண்டிருந்தோம். இப்போது பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் தென்னை நார்க்கழிவுக் கட்டிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஐந்து கிலோக் கட்டி ஒன்றைத் தண்ணீரில் போட்டால் சுமார் 70 லிட்டர் அளவுக்குப் பூரித்து எழும்பும். பளுவில்லாதது, மாடிக்குத் தூக்கிப் போக இலகுவானது. எடையைப் போல் எட்டு மடங்கு தண்ணீரைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். இந்தக் கடைசி குணமே வினையாகிறது. மேற்பரப்பு வெளிறிக் காய்ந்தாற்போல் தோன்றும்போது, நாலு விரற்கடை கீழே பிழிந்தால் சொட்டும் அளவு நீர் இருக்கும். மேலே பார்த்து ஊற்றுகிறவர் ஏமாந்துபோகிறார். வீட்டுக்குள் வைக்கும் தொட்டிகளில் நார்க்கழிவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நான் சேர்ப்பதில்லை; மிச்சத்துக்குச் செம்மண்ணும், சலித்தெடுத்த பருமணலும், உடைத்த செங்கல் துண்டுகளும்.

தொட்டியின் அடியில் ஜல்லியையோ ஓட்டாஞ்சில்லையோ கனமாகப் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை நம் தோட்டக்காரர்களிடம் வேரூன்றிப் போயிருக்கிறது. நுண்ணிய மண்ணிலிருந்து பருத்த ஜல்லிக்கு நீர் லேசில் இறங்காது. மேல்மண் முழுக்க ஊறித் ததும்பிய பிறகே இறங்கும். ஆக, ஜல்லி போட்ட தொட்டியில் நீர் தேங்கும் மட்டம் கீழே போவதற்குப் பதிலாக மேலே ஏறிவிடுகிறது. துளையின் மேல் மண் ஒழுகாதபடி வளைந்த ஓட்டுத்துண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தாலே போதும். துளையே இல்லாத பீங்கான் கிண்ணங்களில் செடியை நட்டுத் தீபாவளிக்கும் கிருகப்பிரவேசத்துக்கும் பரிசளிக்கிறார்களே, அவற்றைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

குளிர்சாதனமும் இதில் பங்காளிதான். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போது உள்ளே 24 டிகிரியில் சுகமாக உட்கார்ந்திருப்பவர், “இந்த வெயிலில் செடிக்கு எவ்வளவு தாகமாக இருக்கும்!” என்று இரங்குகிறார். அந்தச் செடி வெயிலை நாள் முழுதும் பார்ப்பதே இல்லை. மங்கிய வெளிச்சத்தில் அது குடிக்கும் நீர் மிகச் சொற்பம். அந்த 24 டிகிரியோ சின்னக் கொசுவுக்குப் பரம சுகமான சீதோஷ்ணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றிலேயே ஈரம் கனத்து, ஜன்னல்கள் சாத்திக் கிடக்கும்போது புகார்கள் இரட்டிப்பாகும்.

பரிகாரம் என்று கேட்டால், முதலாவதும் பிரதானமானதும் காயவிடுதல்தான். முட்டையும் இளம்புழுவும் மேல்மண்ணின் இரண்டு அங்குலத்துக்குள்தான் பெரும்பாலும் குடியிருக்கின்றன. அந்தப் பகுதி நன்றாகக் காய்ந்தால் அவை பிழைப்பதில்லை. ஸ்நேக் பிளான்ட்டும் இசட் இசட் பிளான்ட்டும் கிழங்கிலும் தண்டிலும் நீரைச் சேமித்து வைத்திருப்பவை. அவற்றை வாரக்கணக்கில் பட்டினி போடலாம். மணி பிளான்ட்டை இலை லேசாகத் துவளும்வரை விடலாம். பீஸ் லில்லிதான் கொஞ்சம் ஆர்ப்பாட்டக்காரி. தாகம் எடுத்ததும் மொத்தமாகச் சாய்ந்து விழுந்து பார்க்கிறவர்களைப் பதறவைத்துவிட்டு, நீர் விட்ட சில மணி நேரத்தில் ஒன்றும் நடவாதது மாதிரி நிமிர்ந்துகொள்ளும்.

எப்போது ஊற்றுவது என்பதற்கு என் குருஸ்தானத்தில் இருந்த பழைய தோட்டக்காரர் கற்றுக்கொடுத்த வழி, மண்தொட்டியின் விலாவை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது. உள்ளே மண் காய்ந்திருந்தால் கணீரென்று ஒலிக்கும். ஈரமிருந்தால் தொப்பென்று அமுங்கிய சத்தம் வரும். அவர் வரிசையாக இருபது, முப்பது தொட்டிகளைத் தட்டிக்கொண்டே நடந்து, நிற்காமல் இதற்கு, இதற்கு வேண்டாம், இதற்கு என்று சொல்லிக்கொண்டு போவார். பின்னால் பூவாளியோடு நான் ஓடுவேன். இப்போது எல்லாம் பிளாஸ்டிக் தொட்டியாகிவிட்டதால் அந்த வித்தைக்கு இடமில்லை. விளிம்பைப் பிடித்துச் சற்றே சாய்த்து, கனத்தைக் கையால் நிதானிக்கிறோம்; புதிய பையன்களுக்குக் கை பழகும்வரை, துடைப்பக் குச்சி ஒன்றை அடிவரை செருகி உருவிப் பார்க்கச் சொல்கிறேன். குச்சியில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது.

பறக்கிற பூச்சிகளுக்கு மஞ்சள் ஒட்டு அட்டை. அதைக் கொடி மாதிரி குச்சியில் உயர்த்திக் கட்டுவதைவிட மண்ணுக்கு நெருக்கமாகப் படுக்கைவாட்டில் வைத்தால் அதிகம் பிடிபடும். பூச்சி உயரப் பறப்பதில்லை அல்லவா. அட்டை வியாதியைத் தீர்க்காது, வியாதி எவ்வளவு என்று காட்டும். வாரா வாரம் அட்டையில் கறுப்புப் புள்ளிகள் குறைகின்றனவா என்று பார்த்து நான் மேற்கொண்டு தீர்மானிக்கிறேன்.

புழுவுக்கு நான் நம்புகிற மருந்து ஒன்று உண்டு. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டையொன்றில், செத்து மிதந்த கொசுப்புழுக்களை ஆராயப்போன யோயெல் மார்கலித் முதலானவர்கள் கண்டெடுத்த நுண்ணுயிர் அது. பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்பது அதன் நீண்ட நாமதேயம், பி.டி.ஐ. என்பது கடைப்பெயர். புதுச்சேரியில் 1975-ல் நிறுவப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் நம் நாட்டிலேயே ஒரு ரகத்தைப் பிரித்தெடுத்துப் பயனுக்குக் கொண்டுவந்தது. கொசுவை ஒழிப்பதற்கென்று வந்த பொடிதான். ஆனால் சின்னக் கொசுவின் புழுவும் தூரத்து உறவு முறை ஆகையால் அதற்கும் பலிக்கிறது. புழு அதைத் தின்ன வேண்டும். தின்றால் காரத்தன்மையுள்ள அதன் குடலில் விஷம் கரைந்து குடற்சுவரை உடைத்துவிடும். மனிதருக்கும் பூனைக்கும் மண்புழுவுக்கும் அதனால் தீங்கில்லை. மண்ணில் அதன் வீரியம் நெடுநாள் நிற்காது. வாரம் ஒரு தடவை வீதம் ஒரு தலைமுறை கழியும்வரை ஊற்றிவர வேண்டும். ஒரே தடவை ஊற்றிவிட்டு “பலிக்கவில்லை” என்று முடிவு கட்டுகிறவர்களே அதிகம்.

ஹைட்ரஜன் பெராக்சைடை நீரில் கலந்து ஊற்றுவதும் வழக்கத்தில் இருக்கிறது; நுரைத்துப் பொங்குவது பார்ப்பவர்களுக்கு ஆனந்தமாயிருக்கும், அந்த வேளைக்குப் பட்ட புழு சாகும், மறுநாள் அது வெறும் தண்ணீர். பருமணலை மேலே விரற்கடை கனத்துக்குப் பரப்பினால் கொஞ்சம் தடை உண்டு. வேப்பம் புண்ணாக்கைப் பற்றி என் அனுபவம் ஜனங்களுடைய நம்பிக்கைக்கு முரணானது: வெளித்தோட்டத்தில் அது உத்தமமான பொருள், வீட்டுக்குள், ஈரத் தொட்டியில், அதுவே பூசணம் பூத்து நாறி, விரட்ட வந்தது வரவழைப்பதாக முடிகிறது. பூச்சிமருந்து அடிப்பதை, மனிதர் மூச்சு விடுகிற குளிர்சாதன அறையில் நான் அனுமதிப்பதில்லை. இளைஞர்கள் சிலர் பூச்சி தின்னும் அழுகண்ணிச் செடியை வாங்கி வைக்கிறார்கள். அதன் பிசுபிசுத்த முத்துகளில் சின்னக் கொசு வந்து ஒட்டிக்கொள்வது அழகான காட்சிதான். ஆனால் அந்தச் செடிக்குக் கால் எப்போதும் ஈரத்திலேயே இருக்க வேண்டும் என்பதால், பிடிப்பதைவிட வளர்ப்பது அதிகமாகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

காயவிடு என்ற என் மந்திரம் செல்லாத இடம் ஒன்று உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் சிப்பிக் காளான் வளர்க்கும் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவித்த வைக்கோலைப் பாலிதீன் பைகளில் அடுக்கடுக்காக நிரப்பி, இடையிடையே காளான் வித்தைத் தூவி, கீற்றுக் கொட்டகையில் உறிபோலத் தொங்கவிட்டு, நாள் தவறாமல் நீர் தெளித்து ஈரத்தைக் காக்கிற தொழில் அவருடையது. பூஞ்சையே அங்கே பயிர். பூஞ்சையைத் தின்கிற ஈக்குக் கொட்டகை முழுவதும் போஜனசாலை. அவரிடம் போய் ஈரத்தைக் குறை என்று நான் சொன்னால் காளானும் சேர்ந்து போய்விடும். வாசலுக்கு இரட்டைக் கதவு, காற்றுவழிகளுக்கு நெருக்கமான நைலான் வலை, அறுவடை முடிந்த பைகளை அன்றன்றே கொட்டகையைவிட்டு வெளியேற்றுதல், விளக்கடியில் மஞ்சள் அட்டை என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்த உபாயங்களையே நானும் ஒப்பித்தேன். பைகளை வெளியேற்றுவதில்தான் அவர் ஆட்கள் சுணக்கம் காட்டியது தெரிந்தது.

அப்படி வெளியேற்றிய வைக்கோலை நல்ல எரு என்று சொல்லி என் நர்சரிக்கே விலை பேசினார். எரு நல்ல எருதான். அதற்குள் எத்தனை ஆயிரம் முட்டைகள் இருக்கும் என்பதை இருவரும் அறிவோம். சித்திரை, வைகாசியில் தார்ப்பாயில் பரப்பி, மொறமொறவென்று காய்ந்த பிறகு சாக்கில் கட்டி அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். அந்தப்படியே வாங்கிக்கொள்கிறேன். ஐப்பசி பிறந்தால், அவர் இலவசமாகக் கொடுத்தாலும் வண்டியை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறேன்.